த்ரிஃப்ட்: செழிப்பில் பிறந்து சிக்கனமான சொல்

‘த்ரிஃப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிக்கனம், செட்டு, சேமிப்புக் குணம் என்று நாம் பொருள் கொள்கிறோம். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல் ஆங்கில உலகில் நடமாடும் இடங்களைப் பார்த்தால் இந்தப் பொருள் போதாது என்று தெரியும். பிரிட்டனின் கடலோரப் பாறைகளில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் இளஞ்சிவப்புப் பூச்செடி ஒன்றுக்கு த்ரிஃப்ட் என்று பெயர். அமெரிக்காவில் மக்களிடம் சேமிப்பைத் திரட்டி வீட்டுக்கடன் கொடுக்கும் ஒருவகை நிதி நிறுவனத்தை ‘ஒரு த்ரிஃப்ட்’ என்பார்கள். உடுத்திய துணிகளை விற்கும் கடை ‘த்ரிஃப்ட் ஷாப்’. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கால்நடை மருத்துவர்கள், தீனி இருந்தும் தேறாமல் மெலிந்துபோகும் ஆட்டுக்குட்டியின் நிலையை ‘இல்-த்ரிஃப்ட்’ என்கிறார்கள்.

பூ, வங்கி, பழைய துணி, தேறாத ஆட்டுக்குட்டி ஆகிய நான்கையும் சிக்கனம் என்ற ஒரே பொருளால் விளக்க முடியாது. இவற்றை இணைக்கும் பொருள் செழிப்பு. த்ரிஃப்ட் முதலில் குறித்தது செழிப்பையே. பிறகு செழிப்பதற்கான வழியைக் குறித்தது. கடைசியில் செழிப்பு நினைவிலிருந்து நழுவ, வழி மட்டும் சொல்லில் தங்கியது. சுமார் 700 ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றத்துக்குள் சேமிப்பைப் பற்றிய ஒரு பெரிய விவாதம் அடங்கியிருக்கிறது. சிக்கனத்தைத் தனிமனிதரின் நற்குணமாக மட்டும் பேசினால் அது ஏழையை அதட்டும் சொல்லாகிவிடுகிறது. போதிய வருமானமும் நம்பத்தகுந்த நிறுவனமும் கூடும்போதுதான் அது செழிப்பாகிறது. அந்தச் சொல்லின் வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான்.

வடகடல் தந்த சொல்

9ஆம் நூற்றாண்டிலிருந்து டென்மார்க், நார்வே பகுதிகளிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். கொள்ளையிட வந்தவர்கள் பிறகு உழுது வாழத் தொடங்கினர். சட்டம், கத்தி, முட்டை, சன்னல் ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘லா’, ‘நைஃப்’, ‘எக்’, ‘விண்டோ’ ஆகிய சொற்கள் அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. த்ரிஃப்டும் அப்படித்தான். நார்ஸ் மொழியில் ‘த்ரீஃபா’ என்றால் பற்றிப் பிடித்தல். அதன் தன்வினை வடிவமான ‘த்ரீஃபாஸ்க்’ தழைத்தல், செழித்தல் என்று பொருள்படும். செழித்தலைக் குறிக்கும் ‘த்ரைவ்’ என்ற ஆங்கில வினைச்சொல் இதிலிருந்து வந்தது. த்ரிஃப்ட் அதனுடன் பிறந்த பெயர்ச்சொல். ‘டிரைவ்’ என்ற வினையோடு ‘டிரிஃப்ட்’ என்ற பெயர்ச்சொல் எப்படி உறவுடையதோ, த்ரைவுக்கு த்ரிஃப்ட் அப்படி.

1300ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தென்படும்போது இச்சொல்லுக்கு நல்வாழ்வு, வளம், பேறு, ஈட்டிய செல்வம் என்ற பொருள்களே இருந்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ‘கான்டர்பரி கதைக’ளின் முன்னுரையில் ஒரு வில்லாளி வருகிறான். தன் மயிலிறகு அம்புகளை அவன் ‘த்ரிஃப்டிலி’ சுமந்து செல்வதாகச் சாசர் சொல்கிறார். அவன் அம்புகளை மிச்சம் பிடித்தான் என்று அதற்குப் பொருளில்லை. செம்மையாக, நேர்த்தியாக வைத்திருந்தான் என்பதே பொருள். அதே நூலில் ஒரு நல்ல கதையைப் பாராட்டவும் ‘த்ரிஃப்டி’ என்ற அடைமொழி வருகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு இது மதிப்பும் மிடுக்கும் நிறைந்த சொல்.

இதே நார்ஸ் குடும்பத்தில் பிறந்த இன்னொரு சொல் கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’. வீட்டையும் நிலத்தையும் உடைய குடித்தனக்காரன் என்பது அதன் முதற்பொருள். அதிலிருந்து பிறந்த ‘ஹஸ்பண்ட்ரி’ வேளாண்மையையும் குறிக்கும், வளங்களைப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்துவதையும் குறிக்கும். இரண்டு சொற்களுக்கும் அடியில் இருப்பது நிலத்தையும் மந்தையையும் பேணி வாழ்ந்த குடியானவனின் உலகம். விதைநெல்லைத் தின்றுவிடாமல் வைத்திருப்பது அங்கே விளைச்சலின் ஒரு பகுதி. சேமிப்பும் செழிப்பும் வேறு வேறு என்ற எண்ணம் அந்த உலகில் எழ இடமில்லை.

கடலோரப் பூச்செடி இந்தப் பழைய பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘அர்மேரியா மாரிட்டிமா’ என்பது அதன் தாவரவியல் பெயர். உப்புக்காற்றிலும் மண் குறைந்த பாறை இடுக்கிலும் தழைப்பதால் 16ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு த்ரிஃப்ட் என்று பெயர் வந்துவிட்டது. 1937இல் பிரிட்டன் வெளியிட்ட பன்னிரண்டு பக்க மூன்று பென்னி நாணயத்தில் இந்தச் செடியைப் பொறித்தார்கள். 1952 வரை அந்த உருவம் நீடித்தது. ஆங்கிலேயச் சிறுவர்கள் உண்டியலில் போட்ட காசிலேயே செழிப்பும் சேமிப்பும் ஒருசேரப் பொறிக்கப்பட்டிருந்தன.

பொருள் திரும்பிய காலம்

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேமிக்கும் பழக்கம் என்ற பொருள் இச்சொல்லில் ஏறுகிறது. வணிகமும் நகர வாழ்வும் பெருகி, பணத்தால் வாழ்வை அளக்கத் தொடங்கிய காலம் அது. பழைய பொருளும் புதிய பொருளும் சில தலைமுறைகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இதற்கு நல்ல சான்று.

1596-97ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘வெனிஸ் வணிக’னில், செல்வச் சீமாட்டி போர்ஷியாவை மணக்க விரும்பும் பசானியோ தனக்கு த்ரிஃப்ட் கிட்டும் என்று மனம் சொல்வதாகக் கூறுகிறான். அவன் கடன் வாங்கிச் செலவழிப்பவன்; சிக்கனத்துக்கும் அவனுக்கும் தொடர்பில்லை. அவன் எதிர்பார்ப்பது பேறும் வெற்றியும். அதே நாடகத்தில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலாக், தன் உழைப்பால் பெற்ற ஆதாயத்தை த்ரிஃப்ட் என்கிறான். அதைத்தான் வணிகன் அந்தோனியோ வட்டி என்று இகழ்கிறான் என்பது ஷைலாக்கின் குறை. ஒரே பணத்தை ஒருவன் நேர்மையான செல்வமென்றும் மற்றவன் பழிக்குரிய வட்டியென்றும் சொல்வதில் அந்தக் காலத்தின் பெரிய அறச்சண்டை தெரிகிறது. சில ஆண்டுகளில் வந்த ‘ஹாம்லெட்’டில் பொருள் இன்னும் கூர்மையாகத் திரும்புகிறது. தந்தையின் சாவு விருந்தில் மிஞ்சிய உணவையே தாயின் மறுமணத்துக்குப் பரிமாறினார்கள் என்று ஹாம்லெட் நண்பன் ஹொரேஷியோவிடம் கசப்போடு சொல்லும்போது, அதற்குக் காரணம் த்ரிஃப்ட் என்கிறான். இங்கே அது நாம் இன்று அறிந்த சிக்கனம்.

1600ஐ ஒட்டி ‘ஸ்பெண்ட்த்ரிஃப்ட்’ என்ற சொல்லும் தோன்றியது. ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்களில் பலர் இதில் த்ரிஃப்ட் இருப்பதைப் பார்த்து, சிக்கனமாகச் செலவழிப்பவர் என்று பொருள் கொள்கிறார்கள். உண்மைப் பொருள் நேர் எதிரானது: ஊதாரி. த்ரிஃப்ட் என்பது ஈட்டிய செல்வம் என்ற பழம்பொருளை வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. சேர்ந்த செல்வத்தைச் செலவழித்துத் தீர்ப்பவர் ஸ்பெண்ட்த்ரிஃப்ட். புதிய பொருள் வெளியே பரவிய பிறகும் பழைய பொருள் இந்தக் கூட்டுச்சொல்லுக்குள் உறைந்து நின்றுவிட்டது.

இன்றைய வழக்கின் இலக்கணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நற்குணத்தைக் குறிக்கும்போது த்ரிஃப்ட் எண்ண முடியாத பெயர், பன்மை ஏற்காது. அமெரிக்க நிதித்துறையில் நிறுவனத்தைக் குறிக்கும்போது எண்ணக்கூடிய பெயர். ‘த்ரிஃப்ட்ஸ்’ என்று பன்மையாகும். பழைய துணி வாங்குவதைக் குறிக்க இளைஞர்கள் இதை வினையாக்கி ‘த்ரிஃப்டிங்’ என்கிறார்கள். ‘த்ரிஃப்டி’ என்ற அடைமொழி மனிதருக்கு வந்தால் சிக்கனமானவர் என்றும், காட்டு மரத்துக்கோ கால்நடைக்கோ வந்தால் நன்கு தேறியது என்றும் பொருள்.

உறவுச் சொற்கள், எடை வேறுபாடுகள்

சிக்கனம் சார்ந்த பிற ஆங்கிலச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் த்ரிஃப்டின் தனித்தன்மை விளங்கும். ‘ஃப்ரூகல்’ என்பது லத்தீனில் விளைபொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; பயனுள்ள, தகுதியுள்ள என்ற பொருளைத் தாண்டி, எளிய வாழ்வைக் குறிப்பதாயிற்று. ‘எகானமி’ கிரேக்கத்தில் வீட்டு நிர்வாகத்தைக் குறித்தது. பிறகு நாட்டின் பொருளாதாரம் வரை விரிந்தது. ‘சீப்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வணிகத்தையும் பேரத்தையும் குறித்தது. லண்டனின் பழைய கடைத்தெருவான சீப்சைடு இன்றும் அந்தப் பொருளைத் தாங்கி நிற்கிறது. அதே சொல் மலிவைக் குறித்து, மட்டமானதைக் குறித்து, அமெரிக்கப் பேச்சில் கஞ்சனைத் திட்டும் சொல்லாகவும் இறங்கியது. ‘மைசர்’, அதாவது கருமி, லத்தீனில் துன்பப்படுபவன் என்று பொருள்படும் சொல்.

பொருள் இறக்கம் மிகத் தெளிவாகத் தெரிவது ‘பார்சிமனி’ என்ற சொல்லில். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில், மூலதனம் பெருகுவதற்கு உடனடிக் காரணம் உழைப்பைவிட பார்சிமனியே என்று வாதிட்டார். உழைப்பு பொருளைத் தரும், அதைச் செலவழித்துவிடாமல் வைத்தால்தான் மூலதனம் வளரும் என்பது அவர் தருக்கம். அவருக்கு அது உயர்ந்த குணம். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை அந்த அடைமொழியால் குறித்தால் கஞ்சத்தனத்தைச் சுட்டிக்காட்டுவதாகும். ஃப்ரூகல் நடுநிலையாக நிற்கிறது. த்ரிஃப்ட் மட்டும் பெருமளவு மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது. இழப்பதை எண்ணாமல், சேர்வதை எண்ணும் சொல்லாக அது இருந்ததே காரணம் என்று கருதுகிறேன். ஃப்ரூகலாக இருப்பவர் குறைவாகச் செலவழிக்கிறார். த்ரிஃப்டியாக இருப்பவர் எதையோ நோக்கிச் சேர்க்கிறார்.

ஏழைக்குப் பாடம் சொன்ன நூற்றாண்டு

19ஆம் நூற்றாண்டில் த்ரிஃப்ட் ஒரு சமூக இயக்கத்தின் பெயராயிற்று. இந்த இயக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று நிறுவனம், மற்றொன்று உபதேசம்.

நிறுவனத்தின் தொடக்கம் ஸ்காட்லாந்தின் ருத்வெல் என்ற சிற்றூரில். 1810இல் அவ்வூர்த் திருச்சபைப் போதகர் ஹென்றி டங்கன் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அன்றைய ஸ்காட்லாந்து வணிக வங்கிகள் 10 பவுண்டுக்குக் குறைந்த தொகையை வாங்குவதில்லை. பண்ணைக் கூலிக்கு அது எட்டாத தொகை. டங்கனின் வங்கி ஆறு பென்னி கொண்டுவந்தாலும் கணக்குத் தொடங்கியது, வட்டியும் கொடுத்தது. கூலிக்காரரிடம் சேமிக்கும் மனம் ஏற்கெனவே இருந்தது. அவருக்கு இல்லாதது, கொண்டுபோய்ப் போட ஒரு பத்திரமான இடம். அந்த இடம் கிடைத்ததும் பணம் வந்தது. பிரிட்டன் முழுவதும் இத்தகைய வங்கிகள் பரவின. 1861இல் நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் அஞ்சலகச் சேமிப்பு வங்கியைக் கொண்டுவந்தார். ஊர்தோறும் இருந்த தபால் நிலையமே வங்கியானது. முதலுக்கு அரசே பொறுப்பேற்றது.

உபதேசத்தின் முகம் சாமுவேல் ஸ்மைல்ஸ். 1859இல் ‘செல்ஃப்-ஹெல்ப்’ என்ற நூலால் உலகப் புகழ் பெற்ற அவர், 1875இல் ‘த்ரிஃப்ட்’ என்ற பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். சிக்கனம் பிறவியில் வருவதில்லை, அனுபவத்தாலும் பயிற்சியாலும் வருவது என்பது அவர் கட்சி. தொழிலாளி குடியை விட்டு, வாரக்கூலியில் ஒரு பங்கை ஒதுக்கினால் எவரையும் அண்டாமல் வாழலாம் என்றார். அவர் நோக்கத்தில் கபடமில்லை. தொழிலாளியின் தன்மானத்தில் உண்மையான அக்கறை அவருக்கு இருந்தது. ஆனால் அவர் வாதத்தைக் கையில் எடுத்த வசதி படைத்தோர் பலர், வறுமைக்குக் காரணம் ஏழையின் ஒழுக்கக்கேடு என்று சொல்லிக் கூலி உயர்வுக் கேள்வியைத் தள்ளிவைத்தனர்.

எதிர்ப்பும் எழுந்தது. ஆஸ்கார் ஒயில்டு 1891இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஏழைகளுக்குச் சிக்கனத்தைப் பரிந்துரைப்பது அவமதிப்பு என்றார். பட்டினி கிடப்பவனிடம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதற்கு அதை ஒப்பிட்டார். இலக்கியவாதியின் இந்தக் கோபத்துக்குப் பத்தாண்டுகளில் புள்ளிவிவரம் துணை வந்தது. யார்க் நகரின் சாக்லெட் உற்பத்திக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌன்ட்ரீ 1899இல் அந்நகரத் தொழிலாளர் வீடுகளை வீடு வீடாக ஆராய்ந்து, 1901இல் முடிவுகளை வெளியிட்டார். நகர மக்களில் 27.84 சதவீதத்தினர் வறுமையில் இருந்தனர். ஏறக்குறைய 10 சதவீதத்தினரின் குடும்ப வருமானம், ஒரு காசைக்கூட வீணாக்காமல் செலவழித்தாலும், உடல் நலத்தைக் காக்கவே போதவில்லை.

கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்னி என்று அவர் ஒரு கோட்டை வகுத்தார். அந்தக் கோட்டில் வாழ்வது என்றால் என்ன என்பதையும் விவரித்தார். அந்தக் குடும்பம் ரயிலேறக் கூடாது. செய்தித்தாள் வாங்கக் கூடாது. வெளியூரிலிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக் கூடாது. குழந்தைக்குப் பொம்மை கூடாது. சேமிக்கவும் முடியாது, நோய்க்கால உதவிச் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ சேரவும் முடியாது. த்ரிஃப்ட் பற்றிய ஸ்மைல்ஸ் காலத்து உபதேசத்துக்கு இதைவிட வலுவான மறுமொழி வந்ததில்லை.

ஏழைகள் சேமிக்கவில்லை என்பதும் உண்மையில்லை. 1913இல் மாட் பெம்பர் ரீவ்ஸ், லண்டனின் லாம்பெத் பகுதியில் வாரம் ஒரு பவுண்டை ஒட்டிய வருமானத்தில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அந்த வீடுகளின் பெண்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் விடாமல் கட்டிய தொகை பெரும்பாலும் பிள்ளைகளின் ஈமச்சடங்குக் காப்பீட்டுக்குப் போனது. குழந்தைகள் அடிக்கடி இறந்த தெருக்களில், பிணத்தை ஊராட்சிச் செலவில் புதைக்கும் அவமானத்துக்கு அஞ்சி வாரா வாரம் காசு ஒதுக்கினார்கள். அந்தக் காசு குழந்தையின் பாலுக்குப் போயிருந்தால் நல்லது என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அந்தத் தாயின் கையில் இரண்டுக்கும் பணமில்லை. சிக்கனம் அங்கே உச்சத்தில் இருந்தது, செழிப்பு மட்டும் இல்லை.

போரும் மந்தமும்

20ஆம் நூற்றாண்டில் அரசுகள் இச்சொல்லைக் கைக்கொண்டன. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு 25 சென்ட் விலையில் ‘த்ரிஃப்ட் ஸ்டாம்ப்’ விற்றது. பதினாறு ஸ்டாம்புகளை ஓர் அட்டையில் ஒட்டி, மேலும் சில சென்ட் சேர்த்துக் கொடுத்தால் போர்ச் சேமிப்புப் பத்திரம் கிடைக்கும். 1923இல் அதற்கு 5 டாலர் திரும்பக் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் வரை ஸ்டாம்ப் வாங்கினார்கள். சேமிப்பு நாட்டுப்பற்றாயிற்று. 1924இல் மிலான் நகரில் கூடிய முதல் சர்வதேசச் சேமிப்பு வங்கி மாநாடு, தன் நிறைவு நாளான அக்டோபர் 31ஐ உலகச் சிக்கன நாளாக அறிவித்தது.

ஆனால் சில ஆண்டுகளில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1931 ஜனவரியில் பொருளியலறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் பிரிட்டிஷ் வானொலியில் பேசினார். வேலையின்மை பெருகிய நேரத்தில் ஒருவர் 5 ஷில்லிங் சேமித்தால் ஒரு மனிதனை ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்துகிறார் என்று இல்லத்தரசிகளுக்கு விளக்கி, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கச் சொன்னார். ஒருவரின் செலவுதான் மற்றொருவரின் வருமானம். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மூடிக்கொண்டால் எல்லோருடைய வருமானமும் சுருங்கி, கடைசியில் மொத்தச் சேமிப்பே உயராமல் போகலாம். 1936இல் வெளியான அவருடைய ‘பொதுக் கோட்பாடு’ நூல் இந்தச் சிந்தனைக்கு முழு வடிவம் தந்தது. பொருளியல் பாடநூல்கள் இதைச் ‘சிக்கனத்தின் முரண்’ என்று கற்பிக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு நன்மையானது, எல்லாக் குடும்பங்களும் ஒன்றாகச் செய்யும்போது தீமையாகலாம் என்பது அதன் சாரம். செழிப்பு என்ற பொருளில் பிறந்த சொல், செழிப்புக்குத் தடையாகவும் ஆகக்கூடும் என்று அன்றுதான் உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது.

பேர் கெட்ட நிறுவனங்கள்

அமெரிக்காவின் த்ரிஃப்ட் நிறுவனங்களின் கதை இங்கே முக்கியமானது. 1831இல் பிலடெல்ஃபியாவை ஒட்டிய ஃபிராங்க்ஃபோர்டில், அக்கம்பக்கத்தார் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டக் கடன் எடுத்துக்கொள்ளும் சங்கமொன்றைத் தொடங்கினார்கள். நம் சீட்டு முறையை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரியும். இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் பெருகின. 1946இல் வந்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ திரைப்படத்தின் நாயகன் நடத்துவது இப்படியொரு சங்கத்தைத்தான். பணத்தைத் திரும்பக் கேட்டு நெருக்கும் கூட்டத்திடம், உங்கள் பணம் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சுவரில் இருக்கிறது என்ற கருத்தை அவன் விளக்குகிறான்.

1970களின் பிற்பகுதியில் பணவீக்கம் இந்த அமைப்பை உலுக்கியது. குறைந்த நிலையான வட்டிக்கு 30 ஆண்டுக் கடன் கொடுத்திருந்த நிறுவனங்கள், சேமிப்பாளரைத் தக்கவைக்க அதைவிட அதிக வட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்வாகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். 1980இல் வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பு 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்ந்தது. 1982இன் சட்டம் முதலீட்டு வாசல்களை அகலத் திறந்தது. நட்டத்தில் இருந்த நிறுவனங்கள் காப்பீட்டுப் பாதுகாப்பில் திரட்டிய பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் சூதாடின. 1986 முதல் 1995 வரை 1,043 நிறுவனங்கள் மூழ்கின. மொத்தச் செலவு 150 பில்லியன் டாலரைத் தாண்டியது. பெரும்பகுதியை வரி செலுத்துவோர் சுமந்தனர்.

த்ரிஃப்ட் நிறுவனங்களைக் கண்காணிக்க 1989இல் ‘த்ரிஃப்ட் மேற்பார்வை அலுவலகம்’ என்ற அரசு அமைப்பு உருவானது. அதன் கண்காணிப்பில் இருந்த வாஷிங்டன் மியூச்சுவல் 2008 செப்டம்பரில் வீழ்ந்தது. ஏறத்தாழ 307 பில்லியன் டாலர் சொத்துகளைக் கொண்டிருந்த அதன் வீழ்ச்சி அமெரிக்க வரலாற்றிலேயே மிகப்பெரிய வங்கித் தோல்வி. 2011இல் அந்த அலுவலகமே கலைக்கப்பட்டது. சேமித்த மக்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் ஒழுங்காகச் சேமித்தார்கள். காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை.

பழைய துணியின் புதிய மதிப்பு

த்ரிஃப்ட் ஷாப்பின் வேர் தர்மப் பணியில் இருக்கிறது. 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியான வீடுகளிலிருந்து பழைய பொருள்களைத் திரட்டி, வேலையற்றவர்களைக் கொண்டு பழுது பார்த்து விற்றார். ‘குட்வில்’ அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. வாங்குபவருக்கு மலிவு, பழுது பார்ப்பவருக்குக் கூலி, பொருளுக்கு இரண்டாம் வாழ்வு. பல பத்தாண்டுகள் வெட்கத்தோடு நுழைந்த கடை அது. இன்று சூழல் அக்கறையோடும் தனிப்பாணிக்காகவும் இளைஞர்கள் பெருமையோடு நுழைகிறார்கள். இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பது பழைய துணியிலும் நடக்கும். விலை குறைவு என்பதற்காகப் பத்து சட்டை எடுப்பவரை அந்தச் சொல்லின் பொருளில் சிக்கனமானவர் என்று சொல்ல முடியாது.

நம் மண்ணில் இச்சொல்

த்ரிஃப்ட் இந்தியாவுக்குச் சட்டத்தின் வழியே வந்தது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், உழவர், கைவினைஞர், வசதி குறைந்தோர் ஆகியோரிடையே சிக்கனம், சுய உதவி, கூட்டுறவு ஆகியவற்றை ஊக்குவிப்பதே தன் நோக்கம் என்று முகவுரையில் சொல்கிறது. சிக்கனத்தையும் சுய உதவியையும் குறிக்க அதில் வரும் சொற்கள், ஸ்மைல்ஸின் இரண்டு நூல்களுக்குத் தலைப்பாக அமைந்த அதே சொற்கள். ஆனால் ஸ்மைல்ஸிடம் அவ்வளவு அழுத்தம் பெறாத மூன்றாவது சொல்லொன்று அங்கே சேர்ந்திருக்கிறது: கூட்டுறவு. அதற்குப் பின்னே சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சனின் உழைப்பு இருந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்த கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895லும் 1897லுமாக அவர் அளித்த அறிக்கை இந்தச் சட்டத்துக்கு வழி காட்டியது. 1904இலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டக சாலையும் தோன்றின. இன்றும் அரசு அலுவலகங்களிலும் ஆலைகளிலும் ‘பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். அதிலுள்ள சிக்கனம் என்ற சொல் இந்த த்ரிஃப்டின் தமிழ் வடிவமே.

அந்தச் சட்டம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1906 அக்டோபரில், சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப்போனது. ஓய்வுபெற்றவர்களும் கைம்பெண்களும் உட்பட ஆயிரக்கணக்கானோரின் வாழ்நாள் சேமிப்பு அதில் போயிற்று. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. சேமிப்பு அழிந்ததைக் கண்ட சமூகம், சிக்கனத்தைக் கைவிடாமல், நம்பத்தகுந்த இடமொன்றை உருவாக்கியது. சரியான பாடத்தைக் கற்றவர்கள் அவர்கள்.

நம் வீடுகளில் பெண்கள் சிறுவாடு சேர்ப்பது பழைய வழக்கம். கடுகு டப்பாவிலும் சேலை மடிப்பிலும் சேர்ந்த அந்தப் பணம்தான் பல பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாயிற்று. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பணம் பாதுகாப்பற்றது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கணவருக்குக்கூடத் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டுடன் பெண்கள் வங்கி வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

சிறுவாட்டுக்குப் பொது வடிவம் கொடுத்தவை சுய உதவிக் குழுக்கள். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தமிழ்நாடு முழுவதும் விரிந்தது. 1992இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. குழுவில் முதலில் சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், பிறகு வங்கிக் கடன். ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட, தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் பதிவாகும். இந்த வரிசையில்தான் அதன் வலிமை இருந்தது. சேமிப்பின் வழியே ஒருவரையொருவர் அறிந்த பெண்களுக்குக் கடன் சுமையாகவில்லை. சேமிப்பைத் தாண்டிக் குதித்து, கடனை மட்டும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வாரத்தவணை வசூலித்த நுண்கடன் நிறுவனங்கள் பல குடும்பங்களை நெருக்கடியில் தள்ளின. சிக்கனமின்றிக் கடன் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

சொல் கேட்கும் கடமை

உலகச் சிக்கன நாளை இந்தியாவில் ஒருநாள் முன்னதாக, அக்டோபர் 30 அன்று கடைப்பிடிக்கிறோம். இந்திரா காந்தி நினைவு நாள் 31ஆம் தேதி வருவதே காரணம். அன்று பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கும். சிறுசேமிப்பின் பெருமையைப் பிள்ளைகள் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களும், வாழ்த்துச் செய்தி விடுக்கும் தலைவர்களும் இச்சொல்லின் முழு வரலாற்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்கச் சொல்வது மட்டும் சிக்கனத்தைக் கற்பிப்பதாகாது. மிச்சம் பிடிக்கும் அளவுக்குக் கூலி வேண்டும். யார்க் நகரக் கணக்கு அதைக் காட்டியது. மிச்சத்தைப் போட்டு வைக்க ஏமாற்றாத இடம் வேண்டும். ருத்வெல்லும் அர்பத்நாட்டும் அமெரிக்க நிறுவனங்களும் அதைக் காட்டின. சேர்த்த பணம் பிள்ளையின் படிப்பாக, கூரையாக, முதுமையின் துணிவாக மாற வேண்டும். அந்தச் சொல் பிறந்தபோதே அதைச் சொன்னது. இந்த மூன்றில் முதலிரண்டுக்கும் சேமிப்பவர் பொறுப்பில்லை. கூலி கொடுப்பவரும், வங்கி நடத்துபவரும், அரசும் பொறுப்பு. அவர்கள் தங்கள் பங்கைச் செய்த பிறகே ஏழையிடம் சிக்கனம் பேசும் தகுதி நமக்கு வரும்.